ஏரணம் நெட்டுருவுக்கு அடங்காது

(தகவலியல் பயிலும் மாணவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

தகவலியலும் கணிப்பொறியியலும் பயில வரும் நம் இளையோர் பலரைத் தொடக்கத்திலேயே மலைக்க வைக்கும் பாடங்கள் இரண்டு. ஒன்று ஏரணம், மற்றொன்று தனிநிலைக் கணக்கு. நிரலெழுதும் பாடத்தில் கருவி முன்னிற்கிறது. விரல் தட்டத் தட்டத் திரை விடை தருகிறது. இவ்விரு பாடங்களிலோ கருவியும் இல்லை, திரையும் இல்லை. மாணவனும் அவன் எண்ணமும் ஒரு வெறுந்தாளும் மட்டுமே உள்ளன. அந்நிலையில், எண்ணுதற்குரிய மொழியையும் அவனிடமிருந்து பறித்துக்கொண்டால் எஞ்சுவது யாது? நெட்டுரு ஒன்றே எஞ்சும்.

ஊர்ப்பள்ளியில் 12ஆம் வகுப்பு வரை தமிழில் பயின்று வந்த பிள்ளை, கல்லூரியில் இப்பாடங்களை ஆங்கிலத்தில் எதிர்கொள்கிறான். வரையறையை உருப்போடுகிறான், மெய்ப்பட்டியலை உருப்போடுகிறான், நிறுவலையும் வரி பிறழாமல் உருப்போடுகிறான். தேர்வில் வினாவைச் சிறிது மாற்றிக் கேட்டவுடன் கட்டிய கோட்டை முழுதும் சரிந்துவிடுகிறது. 'எனக்கு அறிவு போதாது' என்று அவன் தன்னையே நொந்துகொள்கிறான். போதாமை அவன் அறிவில் இல்லை. பயின்ற முறையில் உள்ளது. இதனை அவனுக்கு எடுத்துச் சொல்வார் இல்லாமையே நம் காலத்தின் பெருங்கொடுமை.

இன்று யான் சொல்லப் புகுவது இதுவே: ஏரணம் நெட்டுருவுக்கு அடங்காது. அதனை எண்ணும் மொழியிலேயே எண்ணிப் பயிலல் வேண்டும். அவ்வாறு பயிலுதற்குரிய கருவிகள் தமிழில் உள்ளன. ஆயினும் கருவி இருப்பதனால் மட்டும் கலை கைவந்துவிடாது; உழைத்தல் வேண்டும். இம்மூன்றையும் ஒவ்வொன்றாக விளக்குவேன்.

இப்பாடங்கள் யாவை?

ஆற்றில் ஒழுகும் நீரை அளக்கலாம், எண்ண இயலாது. குதிரில் உள்ள நெல்லை மணிமணியாக எண்ணலாம். முன்னது தொடர்நிலை, பின்னது தனிநிலை. கணிப்பொறி தன்னகத்தே இரண்டே நிலைகளை வைத்து இயங்குவது. ஆகலின் எழுத்தாயினும் படமாயினும் இசையாயினும் தனித்தனிக் குறிகளாக மாறினாலன்றி அதனுள் புகுதல் இயலாது. தனித்தனிப் பொருள்களை எண்ணுதல், தொகுத்தல், வரிசைப்படுத்தல், ஒன்றோடொன்று இணைத்தல் ஆகியவற்றின் நெறிகளைக் கூறுவது தனிநிலைக் கணக்கு. ஒரு கூற்றிலிருந்து மற்றொரு கூற்றைப் பெறுவது எப்போது முறை, எப்போது முறையன்று என்பதைக் கூறுவது ஏரணம். தகவலியலுக்கு இவ்விரண்டும் அடிக்கல்.

இவை எவ்வாறு கணிப்பொறிக்கு அடிக்கல்லாயின என்பதும் அறியத் தக்கது. இங்கிலாந்தின் இலிங்கன் நகரில் 1815இல் செருப்புத் தைப்பவர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் சார்சு பூல். பல்கலைக்கழகத்தில் பயின்று பட்டம் பெறும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. பெரும்பாலும் தாமே முயன்று கற்றார். 1849இல் அயர்லாந்தின் கார்க்கு நகரில் கல்லூரிப் பேராசிரியரானார். எண்ணத்தின் நெறிகளைப் பற்றி 1854இல் அவர் வெளியிட்ட நூல், 'உம்', 'அல்லது', 'அன்று' என்னும் சொற்களின் தொழிலை 1, 0 என்னும் இரண்டு எண்களைக் கொண்டு கணக்கிட்டுக் காட்டியது. அதற்கு 83 ஆண்டுகளுக்குப் பின், 1937இல், அமெரிக்காவில் மாசச்சூசெட்சு தொழினுட்பக் கழகத்தின் 21 அகவை மாணவரான கிளாடு சானன் தம் முதுநிலை ஆய்வேட்டில், மின்சுற்றுகளைப் பூலின் கணக்கால் வகுக்கலாம் என நிறுவினார். இரண்டு மின்னிணைப்பான்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால், இதுவும் அதுவும் மூடியிருந்தாலே மின் ஓடும்; அது 'உம்'. பக்கம்பக்கமாக வைத்தால், இதுவோ அதுவோ ஒன்று மூடியிருப்பினும் மின் ஓடும், அது 'அல்லது'. செருப்புத் தைப்பவரின் மகன் தாளில் எழுதிய கணக்கு, இன்று ஒவ்வொருவர் கைப்பேசியினுள்ளும் ஓடிக்கொண்டிருக்கிறது.

தாழ்ந்த குடியில் பிறந்தோம், சிற்றூரில் பயின்றோம் என்று ஒடுங்கும் நம் பிள்ளைகள் பூலின் வாழ்க்கையை ஒருமுறையேனும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஒரு 'தான்' செய்யும் வேலை

ஏரணத்தில் மாணவர் முதலில் இடறும் இடம் 'ஆயின்' என்னும் கூற்று. 'முன்னது மெய்யாகிப் பின்னது பொய்யாகும்போது மட்டுமே முழுக்கூற்று பொய். ஏனை மூன்றிடத்தும் மெய்' என்று மெய்ப்பட்டியலை உருப்போடுகின்றனர். முன்னதே பொய்யாய் இருக்கும்போது முழுக்கூற்று எங்ஙனம் மெய்யாகும் என்னும் ஐயம் உள்ளத்தில் உறுத்திக்கொண்டேயிருக்கும். ஆங்கிலத்தில் அதனைக் கேட்க நா எழாது.

தமிழில் எண்ணிப் பாருங்கள். அறிவிப்புப் பலகையில், 'கட்டணம் செலுத்தினால் தேர்வு எழுதலாம்' என்று எழுதியிருப்பதாகக் கொள்வோம். நிகழக் கூடியவை நான்கு. ஒருவன் செலுத்தினான், எழுத விட்டனர். செலுத்தினான், எழுத விடவில்லை. செலுத்தவில்லை, எழுத விட்டனர். செலுத்தவில்லை, எழுத விடவில்லை. இந்நான்கனுள் சொன்ன சொல் பொய்த்தது எங்கே? செலுத்தியும் விடாத இரண்டாம் இடத்தில் மட்டுமே. செலுத்தாதவனுக்கு இரங்கி எழுத விட்டாலும் அறிவிப்புப் பொய்யாகவில்லை. ஏனெனில் செலுத்தாதவனைப் பற்றி அது ஒன்றுமே சொல்லவில்லை. இதுவே அந்த மெய்ப்பட்டியல். இனி இதனை யாரும் உருப்போட வேண்டா. சொன்ன சொல் எங்கே தவறியது என்று கேட்டால் போதும்.

அதே அறிவிப்பில் ஓர் இடைச்சொல்லைச் சேருங்கள்: 'கட்டணம் செலுத்தினால்தான் தேர்வு எழுதலாம்.' பொய்யாகும் இடம் உடனே மாறிவிடுகிறது. செலுத்தாதவனை எழுத விட்டால் இப்போது அறிவிப்புப் பொய். செலுத்தியவனை வருகைக் குறைவினால் தடுத்தால் பொய்யன்று. 'தான்' என்னும் ஒரு சொல் கூற்றின் முகத்தையே திருப்பிவிட்டது. முன்னது போதிய நிலை. பின்னது வேண்டிய நிலை. இரண்டும் சேர்ந்தால் இருமுகக் கூற்று. ஆங்கிலப் பாடநூல் ஓர் இயல் முழுதும் விளக்கும் இவ்வேறுபாட்டை, நம் வீட்டுச் சிறுமி நாள்தோறும் பிழையின்றி ஆள்கிறாள். 'படித்தால் இனிப்புத் தருவேன்' என்பதற்கும் 'படித்தால்தான் இனிப்புத் தருவேன்' என்பதற்கும் உள்ள வேற்றுமை அவளுக்குத் தெரியும்.

மணிமேகலையின் 29ஆம் காதை ஏரணத்தை விரித்துரைப்பது. மலையில் புகை கண்டு அங்கு நெருப்புண்டு எனத் துணிதலும், அதற்கு அடுக்களையை எடுத்துக்காட்டாகத் தருதலும் அங்கே உள்ளன. புகை உண்டாயின் நெருப்பு உண்டு என்பது முறை. நெருப்பு உண்டாயின் புகையும் உண்டு எனத் திருப்பினால் அது பிழை. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. நெருப்பே இல்லையாயின் புகையும் இல்லை என எதிர்மறுத்துத் திருப்பினால் மீண்டும் முறை. இம்மூன்றையும் வேறுபடுத்தத் தெரிந்தவன் ஏரணத்தின் முதற்படியைக் கடந்துவிட்டான் எனலாம். அக்காதை பக்கப்போலி, ஏதுப்போலி, எடுத்துக்காட்டுப்போலி எனப் பிழைகளையே வகைவகையாகப் பிரித்தெண்ணுகிறது. பிழையை வகைப்படுத்திப் பயிற்றும் அம்முறை இன்றைய மாணவர்க்கும் ஏற்றதே.

உம்மையும் இன்மையும்

தொல்காப்பியர் இடையியலில் உம்மைக்கு 8 பொருள் கூறினார். அவற்றுள் எண்ணும்மை, பூல் கணக்கிட்ட 'உம்'மேயாகும். 'சாத்தனும் கொற்றனும் வந்தனர்' என்பது இருவர் வரவும் மெய்யாயினன்றி மெய்யாகாது. முற்றும்மையோ, ஒரு தொகுதியில் உள்ள அனைத்தையும் தழுவுவது; ஏரண நூலார் 'எல்லாவற்றுக்கும்' எனக் குறியிட்டு எழுதுவது இதனையே.

இனி ஒரு நுட்பம் காண்க. 'எல்லாரும் வரவில்லை' என்னும் தொடருக்குப் பொருள் யாது? ஒருவர்கூட வரவில்லை என்பதா, வந்தோர் சிலர், வாராதோர் சிலர் என்பதா? இரண்டும் பொருந்தும். எதிர்மறை முற்றும்மையின் உள்ளே நின்றால் ஒரு பொருள். வெளியே நின்றால் மற்றொரு பொருள். ஏரணம் பயிலும் மாணவர் பிழைபடும் இடங்களுள் இது தலையாயது. முற்றும்மை எதிர்மறையோடு வருங்கால் எச்சப் பொருளும் தரும் என்பதைத் தொல்காப்பியம் குறித்து வைத்துள்ளது. 'பத்தும் கொடாதே' என்றால், பத்தையும் கொடுத்துவிடாதே, சில கொடு என்றும் பொருள்படும் என்பது உரையாசிரியர் விளக்கத்தின் சாரம். இலக்கண வகுப்பில் இதனைக் கேட்டுத் தலையாட்டிய மாணவன், ஏரண வகுப்பில் இதனையே வேற்றுமொழியில் கண்டு மருள்கிறான். இரண்டும் ஒன்றே என்று அவனுக்குக் காட்டினால் போதும், மருட்சி அகலும்.

எதிர்மறையிலும் தமிழ் இருவகை காட்டுகிறது. 'இது பொன் அன்று' என்பது ஒன்று. 'இங்குப் பொன் இல்லை' என்பது மற்றொன்று. முன்னது அன்மை, ஒரு பொருளுக்கு ஒரு தன்மையை மறுப்பது. பின்னது இன்மை, அத்தன்மையுடைய பொருள் உண்டு என்பதையே மறுப்பது. ஏரணக் குறியீட்டிலும் இவ்விரண்டும் வெவ்வேறு. இவற்றைக் கலந்து 'அது இல்லை, இது' என எழுதுவோர் தமிழையும் கெடுக்கின்றனர். தம் எண்ணத்தையும் கெடுத்துக்கொள்கின்றனர். மொழித்தூய்மை அணிகலன் மட்டுமன்று. எண்ணத் தூய்மைக்கும் அதுவே காவல்.

குறள் வெண்பாவில் ஒரு கணக்கு

எண்ணுதற் கலைக்கு நம் யாப்பைவிடச் சிறந்த பயிற்சிக்களம் வேண்டுமோ? அசை இரண்டு: நேர், நிரை. கணிப்பொறியின் 0, 1 போல இரண்டே குறிகள். ஓரசைச் சீர் 2. ஓர் அசை கூடுந்தோறும் எண்ணிக்கை இரட்டிக்கும். ஏனெனில் முன்னுள்ள ஒவ்வொரு சீரின் பின்னும் நேர் வரலாம், நிரையும் வரலாம். ஆகவே ஈரசை 4, மூவசை 8, நாலசை 16. இலக்கணிகள் தொகுத்த சீர்கள் ஆக மொத்தம் 30. முதல் விளக்கை ஏற்றி, ஒவ்வொரு விளக்கும் அடுத்ததை ஏற்றும் என்று காட்டினால், வரிசை எத்துணை நீளமாயினும் எல்லா விளக்கும் எரியும் என்பது உறுதி. இவ்வாறு படிப்படியாக நிறுவும் முறை தனிநிலைக் கணக்கின் முதுகெலும்பு.

இனிக் குறள் வெண்பாவிற்கு வருவோம். அதற்குச் சீர் 7. முதல் 6 சீர்களில் ஈரசைச் சீர் 4, காய்ச்சீர் 4 ஆக 8 வகையுள் எதுவும் வரலாம். ஈற்றுச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் 4 வகையுள் ஒன்றாகும். தளையைக் கருதாமல் கணக்கிட்டால், எட்டை 6 முறை பெருக்கி, அதனை நான்கால் பெருக்க, 10,48,576 அமைப்புகள் கிடைக்கும். அஃதாவது இரண்டை 20 முறை பெருக்கிய தொகை.

ஆயினும் வெண்பாவுக்குத் தளை உண்டு. மாச்சீரின் பின் நிரை வரும். விளச்சீரின் பின்னும் காய்ச்சீரின் பின்னும் நேர் வரும். ஏரண நடையில் இதனை ஒரே இருமுகக் கூற்றாக்கலாம்: நிற்கும் சீர் மாச்சீராயின் அடுத்தது நிரையில் தொடங்கும், மாச்சீராயின்தான் நிரையில் தொடங்கும். எட்டுச் சீர்களில் நேரில் தொடங்குபவை 4, நிரையில் தொடங்குபவை 4. ஈற்றுச் சீரிலும் நாள், காசு ஆகியவை நேரில் தொடங்க, மலர், பிறப்பு ஆகியவை நிரையில் தொடங்குகின்றன. ஆகலின் ஒவ்வொரு தளையும் வாய்ப்புகளைச் சரிபாதியாகக் குறைக்கிறது. 7 சீர்களுக்கிடையே தளை 6. எனவே 10,48,576ஐ இரண்டால் 6 முறை வகுக்க வேண்டும். விடை 16,384. இரண்டை 14 முறை பெருக்கிய தொகை அது. எதுகை, மோனை, பொருள் ஆகியவற்றைக் கருதாமல் ஓசையமைப்பை மட்டும் நோக்கினால், குறள் வெண்பா 16,384 வகையுள் ஒன்றாகத்தான் அமைய இயலும். அவ்வகை இன்னதென்று குறிக்க 0, 1 ஆகிய குறிகள் 14 போதும்.

இதிலிருந்து மேலும் ஒன்று பெறலாம். 16,385 குறட்பாக்களை ஒருவர் எழுதுவாராயின், அவற்றுள் இரண்டேனும் ஒரே ஓசையமைப்பு உடையனவாய் இருந்தே தீரும். எவை அவ்விரண்டு என்று தேட வேண்டியதில்லை. உண்டு என்பது உறுதி. புறாக்கள் கூடுகளினும் மிகுந்தால் ஏதேனும் ஒரு கூட்டில் இரு புறா தங்கும் என்னும் புறாக்கூட்டு நெறி இதுவே.

வெண்பாவின் தளையைத் தேரும் பொறி ஒன்றை அமைக்க வேண்டுமாயின், அப்பொறி பா முழுவதையும் நினைவில் வைக்க வேண்டா. 'அடுத்து வேண்டுவது நேரா, நிரையா' என்னும் ஒன்றையும், எத்தனையாம் சீர் என்பதையும் நினைத்தால் போதும். இத்தகைய சில நிலைகளே உடைய பொறிகளைப் பற்றிய பாடம் தகவலியலில் தனியே உண்டு. வட்டங்களையும் அம்புக்குறிகளையும் வரைந்து அதனைக் கற்பிப்பர். வெண்பா எழுதத் தெரிந்த மாணவன் அப்படத்தைக் கண்டவுடன் 'இது தளையன்றோ!' என்பான். ஆனால் அவனுக்கு அதனைத் தளை என்று சொல்லிக் கொடுக்க ஆளில்லை.

வரிசை தெரியாத கணிப்பொறி

இவையெல்லாம் கருத்தளவே என்று யாரும் எண்ண வேண்டா. வாழ்வை நேரே தொடும் ஒன்றைச் சொல்வேன். பழம், பனை ஆகிய இரண்டனுள் அகரமுதலியில் முன் வருவது எது? ழகரம் முன்னது, னகரம் நம் நெடுங்கணக்கின் ஈற்றெழுத்து. ஆகலின் பழம் முன், பனை பின். ஒருங்குறியின் எண்களை மட்டும் நோக்கி வரிசைப்படுத்தும் நிரலோ, பனையை முன் வைத்துப் பழத்தைப் பின் வைக்கும். அக்கா, அகம் இரண்டையும் கொடுத்தால், புள்ளியெழுத்து முன் என்னும் நம் அகரமுதலி முறைக்கு மாறாக, அகத்தை முன்னும் அக்காவைப் பின்னும் வைக்கும்.

ஏன்? 1991இல் வெளிவந்த ஒருங்குறியில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. இந்திய மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் ஒரே வார்ப்பில் இடம் வகுத்த 1988ஆம் ஆண்டின் இசுக்கி என்னும் குறியேற்றத்தை ஒட்டி அவ்விடங்கள் அமைந்தன. அதனால் னகரம் நகரத்தின் பின்னும், றகரம் ரகரத்தின் பின்னும், ளகரமும் ழகரமும் வகரத்தின் முன்னும் போய் அமர்ந்தன. தனி வரிசை நெறியை எழுதி இக்குறையை நீக்கலாம். அவ்வாறு நீக்கும் வழிகளும் உள்ளன. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனியிடம் தரும் வேறொரு குறியேற்றத்தையும் ஒருங்குறியோடு சேர்த்துத் தமிழ்நாட்டரசு 2010இல் ஏற்றது. ஆயினும் அந்நெறியை அறியாமல் எழுதப்படும் நிரல்கள் நம் பெயர்ப்பட்டியல்களையும் நூற்பட்டியல்களையும் இன்றும் குலைக்கின்றன.

'வரிசை' என்பது கணக்கில் ஓர் உறவு. இரண்டு எழுத்தைக் கொடுத்தால் எது முன் என்று ஐயமின்றிச் சொல்ல வேண்டும். முன்னதற்கு முன்னது, பின்னதற்கும் முன்னதாக வேண்டும். தொகுதி, உறவு, வரிசை ஆகிய மூன்றையும் ஐயமறக் கற்றவனே, 'எம் நெடுங்கணக்கு இது. அதன் வரிசை நெறி இது. உம் எண் வரிசை அதனோடு இன்ன இடத்தில் முரண்படுகிறது' என்று உலகின் முன் சான்றோடு நிறுவ முடியும். ஏரணத்தோடு கூடிய ஒரு பக்க விண்ணப்பம் செய்வதை நூறு மேடை முழக்கங்கள் செய்ய மாட்டா.

தகவலியலுக்கே இந்நிலத்தில் ஒரு முன்னோடி உண்டு. சீர்காழியில் 1892இல் பிறந்த இரா. அரங்கநாதன் சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு ஆசிரியராய் இருந்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். நூலகவியலின் ஐந்து நெறிகளை 1931இலும், கோலன் பகுப்பு முறையை 1933இலும் வெளியிட்டார். ஒரு நூலை ஒரே கிளையில் அடைக்காமல், ஆள், பொருள், ஆற்றல், இடம், காலம் என ஐந்து கூறுகளாகப் பிரித்துச் சேர்த்தெழுதும் பாங்கு அவருடையது. சில கூறுகளைப் பெருக்கிப் பல வகைகளைப் பெறும் இது, நம் அசையும் சீரும் போன்ற கணக்கே. 1970இல் ஐ.பி.எம். குழுமத்தின் எட்கர் காடு என்னும் அறிஞர் தரவுகளைத் தொகுதிகளாகவும் உறவுகளாகவும் வகுத்துக் காட்டியதும் இவ்வடிக்கல்லின் மேல்தான்.

நம் கூற்றுகளையும் தேர்வோம்

இனிச் சற்றுக் கசப்பானதொன்று. ஏரணம் பிறரை வெல்லும் வாள் மட்டுமன்று. முதலில் நம்மைக் காட்டும் கண்ணாடி. 'யாப்பில் இரண்டின் பெருக்கம் உண்டு. ஆகவே நம் முன்னோர் கணிப்பொறியை அறிந்திருந்தனர்' என்று நம்மவர் ஒருவர் பேசினால், கைதட்டாதீர்கள். கணிப்பொறிக்கு அக்கணக்கு வேண்டும் என்பதனால், அக்கணக்கு இருந்த இடமெல்லாம் கணிப்பொறி இருந்ததாகாது. அது நெருப்பு உண்டாயின் புகை உண்டு என்னும் அதே பிழை. மணிமேகலை கூறும் ஏரணத்தில் புத்த நெறியாரின் அளவை முறை உள்ளது என்பதையும் மறைக்க வேண்டா. அதனைத் தமிழில் சொல்ல முடிந்தது என்பதே நமக்குரிய பெருமை. 'தமிழ்ப்பற்றுடையோர் தூயதமிழ் பேசுவர். இவர் தூயதமிழ் பேசுகிறார். ஆகவே பற்றுடையவர்' என்பதும் பிழையே. நம் இயக்கம் பலமுறை ஏமாந்தது இப்பிழையால்தான்.

ஆங்கிலத்தில் இப்பாடங்களை எவராலும் கற்க இயலாது என்றும் யான் கூறவில்லை. அவ்வாறு கூறின், ஓர் எதிர்க்காட்டே அதனைப் பொய்யாக்கிவிடும். தாய்மொழியில் எண்ணிக் கற்பவனுக்குச் சுமை ஒன்று. எண்ணாத மொழியில் கற்பவனுக்குச் சுமை இரண்டு. இவ்வளவே என் கூற்று.

அதே ஏரணத்தை எதிர்ப்பக்கத்தாரிடமும் நீட்டுவோம். 'தமிழில் உயர்கல்வி இயலவே இயலாது' என்கின்றனர். இது முற்றும்மைக் கூற்று. ஓர் எதிர்க்காட்டுப் போதும். அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, 1860களில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் குடிசார் பொறியியலையும் எந்திரவியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. 'இயலாது' என்பது வீழ்ந்தது. 'எளிதன்று' என்பது வேறு கூற்று, அதனை ஒப்புக்கொள்வோம். எளிதன்று என்பதிலிருந்து வேண்டா என்பது பிறக்காது. 'தமிழில் கலைச்சொல் இல்லை' என்பதும் அத்தகையதே. ஆங்கிலேயர் தம் மொழியின் பொதுச்சொற்களை எடுத்து வரையறை கொடுத்து ஆண்டனர். தொகுதி, உறவு, கூற்று, மெய், பொய் என்னும் நம் சொற்களுக்கு வரையறை கொடுப்பதை யார் தடுத்தனர்?

செய்ய வேண்டுவன

மாணவ நண்பர்காள், இன்றே தொடங்கத் தக்கவை நான்கு.

ஒன்று: ஆங்கிலத்தில் தேர்வு எழுத வேண்டிய நிலையில் இருப்போர் ஆங்கிலத்தை வெறுத்தொதுக்க வேண்டா, தேர்வை ஆங்கிலத்தில் எழுதுங்கள், ஆனால் விடையைத் தமிழில் எண்ணுங்கள். ஒவ்வொரு வரையறையையும் உங்கள் சொந்தத் தமிழில் ஒருமுறை எழுதாமல் அடுத்த பக்கத்தைத் திருப்பாதீர்கள். அதற்குப் பொருந்துவது ஒன்றும் பொருந்தாதது ஒன்றுமாக இரண்டு எடுத்துக்காட்டுகளை நீங்களே ஆக்குங்கள்.

இரண்டு: கிழமைக்கு ஒருநாள் மாலை நால்வர் ஐவராகக் கூடுங்கள். ஒருவர் நிறுவலைத் தமிழில் விளக்க, மற்றவர் 'ஏன்?' என்று கேட்டுக்கொண்டேயிருக்கட்டும். 'ஏன்?' என்பதற்கு விடையில்லாத இடமே, உருப்போட்ட இடம்.

மூன்று: கலைச்சொல் ஆக்குவோர் சொல்லின் அழகை மட்டும் நோக்க வேண்டா. வரையறையோடு ஆக்குக. ஒரு கருத்துக்கு ஒரு சொல், ஒரு சொல்லுக்கு ஒரு கருத்து என்பதைக் காக்க. நான்கு ஊரில் நான்கு சொல் வழங்கினால் இடர்ப்படுவோர் நம் மாணவரே.

நான்கு: பயிற்சிக் கணக்குகளைத் தமிழில் எழுதுங்கள். யாப்பிலிருந்தும், அகரவரிசையிலிருந்தும், பேருந்து வழித்தடங்களிலிருந்தும், ஊர்ப் பந்தயங்களிலிருந்தும் எடுங்கள். ஒருவர் பத்துக் கணக்கு எழுதினால், நூற்றுவர் எழுதுவது ஒரு நூலாகும். அந்நூலை நமக்காக வேறெவரும் எழுதித் தரப்போவதில்லை.

தோழர்காள்! அஞ்சிய பிள்ளையொருவன் தாளின் முன் அமர்ந்து, தன் அறிவையே ஐயுற்றுக்கொண்டிருக்கும் இந்நேரத்தில், நாம் மொழிப்பெருமை மட்டும் பேசிக் கலைவதில் பயனில்லை. அவன் அருகில் அமர்ந்து, 'கட்டணம் செலுத்தினால் எழுதலாம், செலுத்தினால்தான் எழுதலாம். இவ்விரண்டுக்கும் என்ன வேற்றுமை, தம்பி?' என்று கேட்கும் ஒருவரே இன்று தமிழுக்கு வேண்டும். அவன் விடை சொல்வான். சொன்ன அந்நொடியில், தனக்கு அறிவு போதாது என்று அவன் கொண்டிருந்த கூற்றுப் பொய்யாகும். அப்பொய்யை உடைப்பதே நம் பணி. எண்ணுவோம் தமிழில், எண்ணியதை நிறுவுவோம், நிறுவியதை உலகுக்கு ஈவோம்.

வெல்க தமிழ்!